ஒரே மேசையில் இரண்டு பதிவேடுகள்

திண்டுக்கல் மாவட்டத்து ஊராட்சிக் கிராமம் ஒன்றில், வீட்டில் ஒருவர் இறந்துபோனால் அந்த இறப்பைப் பதிவு செய்பவர் கிராம நிர்வாக அலுவலர். அந்தக் கிராமத்தில் எந்தப் புல எண் யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லும் அ-பதிவேட்டையும் சிட்டாவையும் பார்த்துக்கொள்பவரும் அவர்தான். ஒரே மேசை, ஒரே கை. ஆனாலும் இறப்புப் பதிவேட்டில் இறந்துவிட்ட மனிதர் பட்டாவில் இறப்பதில்லை. பத்து ஆண்டு, இருபது ஆண்டு, சில வீடுகளில் பேரன் பேத்திகள் தலையெடுத்த பிறகும் நிலம் தாத்தா பெயரிலேயே கிடக்கிறது.

இது வாரிசுகளின் அசட்டை என்று வருவாய்த் துறை பல காலமாகச் சொல்லிவருகிறது. அந்தப் பேச்சை நாம் ஏற்க மறுக்கிறோம். முதியோர் உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்த பாட்டி இறந்தால், அடுத்த மாதத்து 1,200 ரூபாயை நிறுத்துவதற்கு வீட்டார் மனுக் கொடுக்க வேண்டியதில்லை. அவர் இறந்த செய்தி தானாகவே அலுவலகத்துக்குப் போய்ச் சேர்கிறது. நிறுத்துவதற்கு எட்டுகிற செய்தி, கொடுப்பதற்கு மட்டும் ஏன் எட்டவில்லை? குடும்பத் தலைவன் போன வீட்டில், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, ஒரு பெண் மஞ்சள் பையில் காகிதங்களைத் திணித்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கு நடக்கத் தொடங்குகிறாள். அரசுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு செய்தியை அரசிடமே நிரூபிப்பதற்கான நடை அது. இந்த நடையை அவள்மேல் சுமத்திய நிர்வாகத்தைக் கண்டிக்கவே இதை எழுதுகிறோம்.

குறையின் வேர் சட்டத்திலேயே இருக்கிறது. பட்டா மாறுதல் வாரிசுரிமையாலும் நிகழும் என்பது வருவாய் நிலையாணை 31 படித்த யாருக்கும் தெரியும். ஆனால் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, ஒருவர் இறந்ததால் பதிவில் மாற்றம் வேண்டும் என்று கோருபவர் வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது. கோரினால்தான் பார்ப்பார்கள். கோரத் தெரியாதவர், கோருவதற்குப் பணமோ ஆளோ இல்லாதவர், கணவன் போன துக்கத்தில் ஓராண்டு வெளியே வராதவர் ஆகியோரைப் பற்றி அந்தப் பிரிவுக்கு அக்கறை இல்லை. நாற்பது ஆண்டுகளில் எத்தனையோ திருத்தங்களைப் பார்த்த நம் சட்டமன்றம் இந்த இடத்தைத் தொட்டிருக்க வேண்டும்.

வேடசந்தூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரி வைத்திருந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். அப்பா இறந்துவிட்டார். இறப்பு 21 நாளுக்குள் பதிவாகிவிட்டால் சிக்கல் குறைவு. விட்டுப்போய் ஓராண்டு கடந்துவிட்டால் அதற்கே தனி உத்தரவு வாங்க வேண்டும். அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, ஆதார், குடும்ப அட்டை, உறுதிமொழிப் படிவம் எல்லாம் ஏற்றி விண்ணப்பித்தால், அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஏதாவது ஒரு படியில் கால் வழுக்கும். வழுக்கும் இடம் பெரும்பாலும் பெயர்தான். கிரயப் பத்திரத்தில் முத்துச்சாமி, ஆதாரில் முத்துசாமி, பட்டாவில் வெறும் முத்து. எண்பதுகளில் நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்தில் அவசரமாக எழுதப்பட்ட பெயர்களின் பிழைகளை, அந்தப் பிழைகளைச் செய்த துறையே இன்று வாரிசின் தலையில் கட்டுகிறது. மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க இன்னொரு சான்று, அதற்கு இன்னொரு மனு.

பிறகு வருவது தள்ளுபடி. கணினித் திரையில் ஒரே வரி: 'ஆவணங்கள் போதுமானவை அல்ல'. எந்த ஆவணம் குறைகிறது, எதைக் கொண்டுவந்தால் போதும் என்ற விளக்கம் இருக்காது. 'ரிஜெக்ட் ஆயிருச்சும்மா, திரும்பப் போடுங்க' என்று மையத்துப் பிள்ளை சொல்கிறது. திரும்பவும் 60 ரூபாய், திரும்பவும் முதல் படி. காலக்கெடுவுக்குள் முடித்ததாகக் கணக்குக் காட்டுவதற்காகவே கோப்புகளைத் தள்ளுபடி செய்து மூடும் பழக்கம் இருக்கிறது என்று மக்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறென்றால் அதைத் தவறென்று காட்டும் பொறுப்பு துறைக்கு உண்டு. ஒவ்வொரு வட்டத்திலும் எத்தனை வாரிசு மனுக்கள் என்ன காரணத்துக்காகத் தள்ளுபடியாயின என்று மாதந்தோறும் அலுவலக வாசலில் ஒட்டட்டும்.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகும் அலைச்சல் ஓயாது. கூட்டுப் பட்டாவுக்கு ஒரு மனு. பங்கு பிரித்துத் தனிப்பட்டா வேண்டுமென்றால் உட்பிரிவு, அதற்கு நில அளவையர், அவர் வரும் நாளுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பு. பட்டா மாறுதலுக்கு லஞ்சம் வாங்கியதாகக் கிராம நிர்வாக அலுவலரும் அளவையரும் லஞ்ச ஒழிப்புப் போலீசாரிடம் பிடிபடும் செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களில் அன்றாடச் செய்தியாகிவிட்டது. கையும் களவுமாகப் பிடிபடுபவர்கள் சிலர். பிடிபடாத தொகையைக் கொடுத்துவிட்டு வாய்மூடி வீட்டுக்குப் போன விதவைகள் பலர். அவர்களுக்காகவும் சேர்த்தே இந்தக் கண்டனம்.

பட்டாவில் பெயர் மாறாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று நகரத்தில் உட்கார்ந்து கேட்பவர்கள் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு வந்து, மூட்டை இறக்கிவிட்டு நிற்கும் விவசாயியிடம் கேட்கட்டும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் விவசாயி நிதித் திட்டத்தில் நிலம் தன் பெயரில் இருக்க வேண்டும். 2019 பிப்ரவரி 1-ஆம் தேதி நிலவரப்படி நிலம் வைத்திருப்பவர்களே அதில் சேரலாம் என்ற விதி இருந்தபோதும், நில உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு அந்தத் திட்டமே விலக்கு அளித்தது. தில்லி திறந்துவைத்த அந்தக் கதவைத் தாலுகா அலுவலகத்துத் தாமதம் சாத்திவிடுகிறது. விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வழங்கும் பதிவு 2025-இல் நடந்தபோதும் இதே முட்டுக்கட்டைதான். இருபது வருடமாக உழுகிற மகன் விவசாயி இல்லை, கல்லறையில் இருக்கிற அப்பாதான் விவசாயி. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, கிணற்று மோட்டார் மின் இணைப்பின் பெயர் மாற்றம் எல்லாம் அந்த ஒரு பெயரில் தொங்குகின்றன. சாலை அகலப்படுத்த நிலம் எடுத்தால் இழப்பீட்டுத் தொகையும் அதே பெயரில் மாட்டிக்கொள்கிறது.

இவ்வளவுக்கும் நடுவே ஒன்றை எண்ணும்போது நெஞ்சு கொதிக்கிறது. உட்பிரிவு தேவைப்படாத நிலத்தை விற்றால், பத்திரப்பதிவு முடிந்த உடனேயே, மனுவும் விசாரணையும் இல்லாமல் வாங்கியவர் பெயருக்குப் பட்டா தானாக மாறும் ஏற்பாட்டை இதே அரசு செய்திருக்கிறது. நல்ல ஏற்பாடு, வரவேற்கிறோம். நிலத்தைக் காசுக்கு வாங்கியவருக்குக் கணினி உடனே வேலை செய்யும், அப்பாவின் நிலத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு மட்டும் செய்யாது என்றால் அந்த நிர்வாகம் யாருக்காக நடக்கிறது? விற்பவரின் பெயர் பட்டாவில் இருந்தால்தான் அந்தத் தானியங்கி முறையும் நடக்கும். ஆகவே, இறந்தவர் பெயரில் தேங்கிய ஒவ்வொரு பட்டாவும் அரசே பெருமையாகச் சொல்லும் அந்தச் சீர்திருத்தத்தையும் சேர்த்தே முடக்குகிறது.

அலுவலர்கள் தரப்பில் ஒரு நியாயம் சொல்வார்கள். வாரிசுத் தகராறு, முதல் தாரம் இரண்டாம் தாரம், வெளியூரில் இருக்கும் பங்காளி, அவசரப்பட்டு மாற்றினால் நாளைக்கு நீதிமன்றத்தில் நிற்க வேண்டியது நாங்கள்தான் என்பார்கள். அந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. ஆள் பற்றாக்குறையும் உண்மை. இரண்டு மூன்று கிராமங்களைக் கூடுதல் பொறுப்பாகச் சுமக்கும் கிராம நிர்வாக அலுவலர்களை நாம் அறிவோம். ஆனால் தகராறுக்கு அஞ்சி இறந்தவர் பெயரை அப்படியே விட்டுவைப்பது தகராறைத் தடுப்பதில்லை, மோசடிக்கு வாசல் திறக்கிறது. ஆள்மாறாட்டம் செய்து நிலத்தை விற்கிறவன் தேடுவது உயிரோடு இருப்பவரின் பட்டாவையா? கேட்க ஆளில்லாமல், இறந்துபோனவர் பெயரில் தூங்கும் பட்டாவைத்தான் அவன் தேடுகிறான். எல்லா வாரிசுகளின் பெயரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டா போட்டுவிட்டால், அத்தனை பேரும் கையெழுத்திடாமல் முழு நிலத்தையும் விற்கும் எந்தக் கிரயமும் நகராது. பங்கு எவ்வளவு என்ற சண்டையை உரிமையியல் நீதிமன்றம் தீர்த்துக்கொள்ளும். பட்டா உரிமையை முடிவுசெய்வதில்லை என்று நீதிமன்றங்கள் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. பிறகு எதற்கு வட்டாட்சியர் அலுவலகம் தன்னைத் தானே நீதிமன்றமாக எண்ணிக்கொண்டு கோப்பைப் பூட்டி வைக்கிறது?

பூட்டி வைத்த கோப்பைத் திறக்க மக்கள் மதுரைக்குப் போகிறார்கள். 2004-இல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை வந்தபோது தென் மாவட்ட மக்கள் நீதி அருகில் வந்ததென்று மகிழ்ந்தார்கள். இன்று அந்தக் கிளையில், என் மனுவின் மேல் ஏதாவது ஒரு முடிவெடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பட்டா மாறுதலுக்காக ரிட் மனுக்கள் குவிகின்றன. குறிப்பிட்ட வாரங்களுக்குள் பரிசீலிக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடுகிறது. ஒரு மனுவைப் பிரித்துப் படிக்கும்படி ஒரு வட்டாட்சியருக்கு உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டிய நிலை அந்த அலுவலகத்துக்கு நேர்ந்த அவமானம். அந்த ஆணைக்கான வக்கீல் செலவு மட்டும் வாரிசின் கையிலிருந்து போகிறது.

நகரத்துக்குள் வந்தால் அலைச்சலின் முகம் வேறு. நாகல் நகரில் பூட்டுப் பட்டறையிலோ தறியிலோ உழைத்தவர் விட்டுச்சென்ற சேமிப்பு வங்கிக் கணக்கில் கிடக்கும். 2005 ஜூனிலேயே ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது. நாமினி இருந்தால், தொகை எவ்வளவாக இருந்தாலும், வாரிசுரிமைச் சான்று, நீதிமன்ற உத்தரவு, ஜாமீன்தாரர் என்று எதையும் வங்கி வற்புறுத்தக் கூடாது; காகிதங்கள் சேர்ந்த 15 நாளில் பணத்தைக் கொடுக்க வேண்டும். இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றும் கிளைக்குப் போகும் விதவையிடம் 'வாரிசு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லும் மேசைகள் இருக்கின்றன. இதனால்தான் 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி புதிய வழிகாட்டுதலை வெளியிட வேண்டியிருந்தது. நாமினி இல்லாவிட்டாலும் 15 லட்சம் ரூபாய் வரை, கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரை, எளிய நடைமுறை. 15 நாளைத் தாண்டினால் வங்கியே வட்டியோடு ஈடு கட்ட வேண்டும். லாக்கர் என்றால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய். 2026 மார்ச் 31-க்குள் எல்லா வங்கிகளும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் கெடு வைத்தது.

விதி வந்தது, விதியைச் சொல்லித் தருபவர் யார்? மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் வங்கியாளர் கூட்டத்தில் கடன் இலக்கு பேசப்படுவதைப் போலவே, இறந்தவர் கணக்குகள் எத்தனை நாளில் தீர்ந்தன என்பதும் கிளைவாரியாகக் கேட்கப்பட வேண்டும். 2024 மார்ச் இறுதியில் நாட்டின் வங்கிகளில் கோருவாரற்றுக் கிடந்த வைப்புத் தொகை 78,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் எத்தனை கோடி, கேட்டு அலுத்துப்போன வாரிசுகளின் பணம்? அப்பா எந்தெந்த வங்கியில் கணக்கு வைத்திருந்தார் என்று தெரியாதவர்களுக்காக 2023-இல் தொடங்கிய 'உத்கம்' இணையதளத்தைப் பற்றி ஒரு தமிழ் அறிவிப்புப் பலகையாவது கிளை வாசலில் இருக்க வேண்டாமா?

நாமினி என்ற சொல்லைப் பற்றியும் வங்கிகள் மக்களிடம் நேர்மையாகப் பேசுவதில்லை. வங்கி வைப்பில் நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர். அவரே முழு உரிமையாளராகிவிடுவதில்லை. பங்குச் சந்தை முதலீட்டுக்கும் இதுவே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இது தெரியாமல் அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தை அற்றுப்போன வீடுகள் உண்டு.

கிராமத்துக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இந்த ரிசர்வ் வங்கி விதிக்குள் வருவதில்லை. அம்மா அடகு வைத்த நகை சங்கத்தில் இருக்கிறது, அம்மா போய்விட்டார், நகையை மீட்க வாரிசுகள் நடக்கிறார்கள். நகை சின்னதுதான், கம்மலோ, அரைப் பவுன் மோதிரமோ. அம்மாவின் நினைவாக மிஞ்சியது அது ஒன்றே என்பதால் விட மனமில்லை. கூட்டுறவுத் துறை தன் சங்கங்களுக்கு இதே 15 நாள் விதியை ஓர் ஆணையால் கொண்டுவர முடியும். கொண்டுவராததற்குக் காரணம் சொல்லட்டும்.

இனி நாம் சொல்லப்போவது அலுவலகங்களுக்கு மட்டுமல்ல, நம் வீடுகளுக்கும். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது மகள்களின் பெயரை விட்டுவிடும் வழக்கம் இந்தச் சமவெளியில் இன்னும் சாகவில்லை. 'அதுக்கு நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சு', 'அது வேற வீட்டுப் பிள்ளை' என்ற பேச்சு இன்றும் காதில் விழுகிறது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு இணையான உரிமை கொடுத்தது, ஆனால் அதற்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டது. 2005-இல் மத்திய அரசு அந்த விலக்கையும் நீக்கியது. சட்டம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தையும் 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. அப்பா தானே சம்பாதித்து உயில் எழுதாமல் விட்ட சொத்திலோ, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே மகளுக்குச் சம பங்கு உண்டு. இறந்தவரின் தாயும் அதே முதல் வரிசை வாரிசு. அந்த மூதாட்டியின் பெயரையும் பல மனுக்களில் காணோம்.

இவ்வளவு தெளிவான சட்டத்தை மீறி மகளின் பெயரை மறைத்து உறுதிமொழியில் கையெழுத்திடும் அண்ணன் தம்பிகள் செய்வது குற்றம். ஊரில் விசாரிக்கும்போது அந்த வீட்டில் எத்தனை பெண் பிள்ளைகள் பிறந்தார்கள் என்று தெரிந்தே கண்ணை மூடிக்கொள்ளும் அலுவலர் அந்தக் குற்றத்துக்குத் துணை போகிறார். மகள்கள் தாங்களாக மனமுவந்து விட்டுக்கொடுக்க நினைத்தால் பதிவு அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் 2023 ஜூலையில் குடும்பத்துக்குள் எழுதும் விடுதலை, பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட் பத்திரங்களின் முத்திரைத் தீர்வை உச்சவரம்பை 25,000-இலிருந்து 40,000 ரூபாயாகவும், பதிவுக் கட்டண உச்சவரம்பை 4,000-இலிருந்து 10,000-ஆகவும் அரசு உயர்த்தியது. செலவு கூடினால் நேரான வழியை விட்டுவிட்டுப் பெயரை மறைக்கும் குறுக்கு வழியில் குடும்பங்கள் இறங்கும் என்பதை அந்த உயர்வைத் தீர்மானித்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

மேலே சொன்ன சட்டம் இந்துக் குடும்பங்களுக்கு. பேகம்பூர் முஸ்லிம் குடும்பத்துக்கு வேறு வாரிசு முறை, நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். மூன்றையும் ஒரே அச்சுப் படிவத்தில் விசாரிக்கும் அலுவலருக்கு இவற்றின் வேறுபாட்டை எப்போதாவது முறையாகக் கற்றுக்கொடுத்தார்களா?

அரசு செய்ய வேண்டியது நடக்க முடியாத காரியம் எதுவுமில்லை. இறப்புப் பதிவும் பட்டாப் பதிவும் இரண்டுமே இன்று கணினியில் இருக்கின்றன. மதுரை அரசு மருத்துவமனையில் இறந்த நிலக்கோட்டைக்காரரின் இறப்பும் ஏதோ ஒரு கணினித் திரையில் ஏறத்தான் செய்கிறது. நிலம் வைத்திருந்தவர் இறந்ததும், அந்தச் செய்தி அவருடைய ஊர்க் கிராம நிர்வாக அலுவலருக்குத் தானாகப் போக வேண்டும். அவர் மனுவுக்குக் காத்திராமல் குடும்பத்துக்கு நோட்டீஸ் கொடுத்து, ஊர்ச் சாவடியில் எல்லோரும் கேட்க விசாரித்து, மகள்கள் உட்பட அத்தனை வாரிசுகளின் பெயரையும் கூட்டுப் பட்டாவில் ஏற்ற வேண்டும். 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவை இதற்கேற்பத் திருத்த வேண்டும். மனுவைத் தள்ளுவதாக இருந்தால் என்ன குறை என்று எழுத்தில் சொல்ல வேண்டும். குறையைச் சரிசெய்து வந்தவரிடம் புதுக் கட்டணமோ புது மனுவோ கேட்கக் கூடாது. மத்தியப் பிரதேசம் 2010-லும் கர்நாடகம் 2011-லும் சேவை உரிமைச் சட்டம் இயற்றி, காலக்கெடு தவறும் அலுவலரைப் பொறுப்பாக்கின. இந்தியாவுக்கே நல நிர்வாகத்தில் வழிகாட்டியதாகப் பெருமை பேசும் தமிழ்நாட்டில், தேர்தல் அறிக்கையில் வாக்குறுதியாக வந்த அந்தச் சட்டம் எப்போதோ நடைமுறையில் இருந்திருக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. மாவட்ட ஆட்சியர் இந்த ஆண்டே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் கோடையில் வட்டம் வட்டமாக ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்குகள் மேசைக்கு வருகின்றன. வரும் ஜமாபந்தியில் ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலரும் தன் இறப்புப் பதிவேட்டையும் சிட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இறந்துபோய் இன்னும் பட்டாவில் இருக்கும் பெயர்களின் பட்டியலைக் கொண்டுவர வேண்டும். அந்தப் பெயர்களை ஆட்சியர் ஊர் மக்கள் முன்னால் உரக்க வாசிக்கச் சொல்லட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வாரிசுகளின் பெயர் ஏறும் தேதியை அன்றே, அந்த மேசையிலேயே எழுதிக் கையெழுத்திடட்டும்.